உம்மா வீட்டில் இருந்த நான்கு மாதமும் பத்து நாளும்

இந்தக் கிதாபு உங்கள் கைக்கு வரும் இன்றைய நாளோடு, எங்கள் உம்மா றப்பாகிய இறைவனிடம் மீண்டு ஒரு வருடம் நிறைகின்றது. நினைவு நாளுக்கு அச்சிட்ட இந்தப் புத்தகத்தில், ஓதுகிற யாசீனுக்குப் பின்னால் நாலு பக்கம் மிச்சம் இருக்கிறது, உம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டார். புகழ்ந்து எழுதினால் உம்மாவுக்குப் பிடிக்காது. ஆகையால் எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உம்மா பிறந்தது நற்பிட்டிமுனையில். அவருடைய வாப்பா வயல் செய்தவர். உம்மா ஆசிரியப் பயிற்சி முடித்து, மாவடிப்பள்ளியில் இரண்டு வருடம் கணிதம் படிப்பித்தார். எங்கள் வாப்பாவுக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. கல்யாணம் முடிந்ததும் உம்மாவும் இடமாற்றம் எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது வழக்கம். புருஷனுக்குப் பின்னால் பட்டணம் போனவள் என்று ஊரில் கொஞ்ச நாள் கதைத்தார்கள். உம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தெமட்டகொடையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. சுபஹுக்கு முன்பே எழும்பி, காலைச் சாப்பாட்டோடு பகல் சோற்றையும் சமைத்து, நாலு பார்சல் கட்டி வைத்துவிட்டுத்தான் உம்மா தொழப் போவார். பிறகு ஒரு கையில் கொப்பிப் பையும் மறு கையில் பஸ் கம்பியுமாக நின்றபடி பயணம். பள்ளிக்கூடம் விட்டதும் மேலதிக வகுப்பு, கூட்டம், கடை. நானும் தம்பியும் வேனில் வந்து வீட்டைத் திறந்து, தனியே இருப்போம். உம்மா வரும்போது பொழுது பட்டிருக்கும். அவரைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போகும் உம்மாமார் எல்லோருடைய நாளும் அப்படித்தான். ஆனாலும் கதவைத் திறந்துவிட உம்மா உள்ளே இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

உம்மா படிப்பித்த பெண்கள் பாடசாலையில்தான் நானும் படித்தேன். வாசலைத் தாண்டியதும் அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எல்லோர் முன்னாலும் வாசித்தார். என்னுடையதையும் குரல் மாறாமல் வாசித்தார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. கணக்கு டீச்சரின் மகள் கணக்கில் தவறிவிட்டாள். அன்று பின்னேரம், "வீட்டில எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேணாம்" என்று சொல்லிவிட்டேன். பிறகு அவர் எத்தனை தரம் கூப்பிட்டும் பக்கத்தில் போய் உட்காரவில்லை. பிடிவாதத்தில் நான் அசல் உம்மாவின் பிள்ளை.

பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கும்போது வாப்பா மௌத்தானார். நெஞ்சு வலி என்று கந்தோரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். கணவன் இறந்தால் மனைவி அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் இத்தாவை, ஊருக்கு வந்து இருங்கள் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். மகளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று உம்மா கொழும்பிலேயே இருந்தார். துணைக்கு அவருடைய தங்கை, எங்கள் சாச்சி, கல்முனையிலிருந்து வந்தார்.

நான்கு மாதமும் பத்து நாளும் உம்மா வெளியில் போகமாட்டார். வாப்பாவை நினைத்து அழுதுகொண்டே நான் அதற்குச் சந்தோஷப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைத் திறக்க உம்மா இருந்தார், சோறு சூடாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு கிழமைதான். பாடசாலையில் உம்மாவின் இடத்துக்கு யாரும் கிடைக்கவில்லை. என் வகுப்பிலிருந்து பதினொரு பேரைப் பின்னேரங்களில் வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார். கூட்டிவந்த வாப்பாமார் கீழே நிற்க, பிள்ளைகள் மட்டும் மேலே வந்தார்கள்.

எழுதப் பலகை இல்லை. அறையில் பெரிய அலுமாரிக் கண்ணாடி இருந்தது. இத்தாவில் இருப்பவர் முகம் பார்க்கக்கூடாது என்று சாச்சி அதை வெள்ளைச் சீலையால் மூடியிருந்தார். உம்மா சீலையைக் கழற்றிவிட்டு, மார்க்கர் பேனாவால் கண்ணாடியிலேயே முக்கோணம் கீறத் தொடங்கினார்.

சாச்சி பதறிப்போனார். "என்ன ராத்தா இது? இத்தாவில இரிக்கக்குள்ள கண்ணாடி பாக்கப்படாது."

"நான் கண்ணாடியயா பாக்கன்? கணக்கயெல்லோ பாக்கன்."

"சனம் கதைக்கும் ராத்தா."

"மௌலவிக்கிட்டக் கேட்டுட்டன். பொம்புளப் புள்ளையளுக்கு வீட்டில இருந்து சொல்லிக்கொடுக்கிற ஒண்டும் குத்தமில்லையாம். நீ தேத்தண்ணி ஊத்து."

கண்ணாடியில் எழுதுவதில் ஒரு வசதி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாலும் பின்னால் இருப்பவர் எல்லோரும் அவருக்குத் தெரிவார்கள். அறை வாசலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார். "மகள், இடமிரிக்கி. வந்து இரு" என்றார். இத்தனை பேருக்கு முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைகள் தெரியாததைத் தெரியாது என்று கேட்டார்கள். நாள் போகப் போக நானும் கேட்டேன். ஆனால் அவர்களோடு சிரித்துக் கதைக்கவில்லை. ஒரு தரம்தான் உம்மா வீட்டில் இருக்கக் கிடைத்தது, அதிலும் பங்கு கேட்டு வந்துவிட்டார்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

பரீட்சையில் எனக்குக் கணிதத்தில் திறமைச் சித்தி கிடைத்தது. அதனால்தான் உயர்தரம் படித்தேன், அதனால்தான் இன்று ஒரு வேலையில் இருக்கிறேன். உம்மா இத்தா முடிந்து பாடசாலைக்குத் திரும்பி, ஓய்வு பெறும்வரை பழையபடியே ஓடினார்.

ஓய்வுக்குப் பிறகு நற்பிட்டிமுனைக்கே வந்தார். சிறுநீரகம் பழுதாகி, கடைசி வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கழிந்தது. நான் லீவு எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் உம்மாவின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, எத்தனையோ வருடமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அந்த நாலு மாசமும்தான் உம்மா நீங்க வீட்டில இருந்தீங்க. அதையும் பதினொரு பேருக்குப் பங்கு வெச்சிட்டீங்களே."

"ஒனக்கு இன்னும் வெளங்கல்லையா மகள்? அதுகளக் கூப்பிட்டதே ஒனக்காகத்தான். தனிய கூப்பிட்டா நீ எங்கிட்ட வந்து இரிக்கமாட்டாய். கெட்டிக்காரப் புள்ளையளக் கூப்பிட்டா வாய் தொறக்கமாட்டாய். அதான் ஒன்னப்போல உள்ளதுகளாப் பாத்து எடுத்தன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னா எழும்பிப் போயிருப்பாயே."

ஓம், போயிருப்பேன்.

அதற்குப் பிறகு இருபது நாள்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாச்சி கலிமா சொல்லிக்கொடுக்க, உம்மா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், உம்மாவைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்திய பெண்களுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், கடைசிவரை உம்மாவை விட்டு அசையாத சாச்சிக்கும் எங்கள் நன்றி. உம்மாவின் சொல்லாலோ செயலாலோ யாருக்காவது மனம் நொந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்காகவும் ஒரு மாப்புக் கேட்க வேண்டும். அந்தப் பதினொரு பேரில் யார் கைக்காவது இந்தக் கிதாபு வந்தால், உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் உம்மாவை எடுத்துக்கொள்ள வந்தீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் வந்திராவிட்டால் அந்த நான்கு மாதமும் உம்மா எனக்கே எனக்காக வீட்டில் இருந்திருப்பார், நான் ஒரு நாளும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

மகள்