நெட்டைகளை ஒடித்தவள்

நர்சரியில் எல்லோருக்கும் அவள் ஒட்டுக்கார அக்கா. மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதற்கு முன்னால், எந்த நாற்று மரத்தைத் தாங்கும், எது தாங்காது என்று பார்த்துக் கழிப்பதும் அவள்தான். நாற்றின் தலையை அவள் பார்ப்பதே இல்லை. நாற்றுப் பைகளின் வரிசையில் குந்தியபடியே நகர்ந்து, மண்ணை ஒட்டிய கழுத்தை இரண்டு விரலால் பிடிப்பாள். பென்சில் கனம் இருந்தால் தப்பித்தது. இல்லாததைப் பிடுங்கி இரண்டாக ஒடித்துவிடுவாள். ஒடிக்காமல் போட்டால், சாயங்காலத்துக்குள் யாராவது திரும்பப் பையில் நட்டுவிடுவார்கள்.

ஆரம்பத்தில் அவளும் உயரத்தைப் பார்த்து மயங்கியவள்தான். அவள் ஒட்டிய நெட்டைகள் ஐந்தாம் வருஷம் காய்ப் பாரத்தோடு சாய்ந்தன. வாங்கிப் போயிருந்த தோட்டக்காரர் ஒரு மரத்தை வண்டியில் ஏற்றி வந்து வாசலில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

முதலாளி படுக்கையில் விழுந்ததும் அவருடைய மாப்பிள்ளை பொறுப்புக்கு வந்தார். வந்ததும் நிழல்வலையை இரட்டையாக்கினார். வெளிச்சம் தேடி நாற்றெல்லாம் நெடுநெடுவென்று நீண்டன.

"நம்ம மாப்பிள்ளை மாதிரியே, வளர்த்தி மட்டும்தான்" என்றாள், நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்காரப் பெண், வாய்க்குள்ளேயே. அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அக்கா பாதி வரிசையைக் கழித்திருந்தபோது மாப்பிள்ளை வந்து நின்றார்.

"என்னக்கா, நல்லா வளந்ததையா ஒடிக்கிறீங்க?"

"வளரலீங்க. இழுத்துக்கிட்டு நிக்குது. கழுத்தைப் பிடிச்சுப் பாருங்க, நூல் மாதிரி இருக்கு."

"வாங்க வர்றவங்க கழுத்தையா பிடிச்சுப் பாக்குறாங்க? உயரம் இருந்தா எடுத்துட்டுப் போறாங்க."

"எடுத்துட்டுப் போவாங்க. அஞ்சு வருஷம் கழிச்சுக் கொண்டாந்து போடுவாங்க."

"அப்ப பாத்துக்கலாம். மிச்சத்துல ஒட்டு கட்டுங்க."

"என் கையால கட்ட மாட்டேன்."

அண்ணியின் கைக் குழாய் அடுத்த பைக்கு நகரவில்லை; ஒரே பையில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"அப்படின்னா நாளையிலேர்ந்து வராதீங்க. வேற ஆள் பாத்துக்கிறேன்."

வீட்டில் அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். அது அவருக்கும் தெரியும். அக்கா கொட்டகைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று.

"சரிங்க. இன்னைக்கு வேலை அஞ்சு மணி வரைக்கும் இருக்கு."

சொல்லிவிட்டு அடுத்த பைக்கு நகர்ந்தாள். பிடித்தாள், பிடுங்கினாள், ஒடித்தாள். மாப்பிள்ளை கத்தினார், அவள் காதில் வாங்கவில்லை. அண்ணி குழாயைக் கீழே போட்டுவிட்டு, எதிர் வரிசையில் குந்தி, தானும் கழுத்தைப் பிடித்துப் பார்த்து ஒடிக்கத் தொடங்கினாள்.

ஐந்து மணிக்கு அக்கா கை கழுவிக்கொண்டு மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு வர்ற ஆளு எதை எடுத்துக் கட்டினாலும் மரம் நிக்கும். நிக்காததை நான் விட்டு வைக்கல."