ரங்கூன் டின்

நான் கப்பலில் சரக்கு அனுப்பியவள் என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். திருமயத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து ரங்கூனுக்குச் சரக்கு போயிற்று, அங்கிருந்து சரக்கு வந்தது, இரண்டையும் நான்தான் நடத்தினேன். ஆனாலும் எனக்குக் கிடைத்த பட்டம் அப்பளக்காரி. அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

என் வீட்டுக்காரர் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் சம்பளத்துக்கு இருந்தார். ரங்கூனுக்கு அப்பால் ஆற்றங்கரையில் ஒரு டவுன். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே, மறுபடி கப்பல். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அதுதான் பிழைப்பு. பெண்டாட்டியைக் கூட அழைத்துப்போகும் வழக்கம் கிடையாது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா என்பதே சந்தேகம். குழந்தை இல்லை. அதற்கும் என்னைத்தான் பேசினார்கள், கடலைப் பேசவில்லை.

கடைச் சமையல்காரன் ஆக்கும் சோறு வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவர் எழுதியதால், கப்பலேறப் போன ஒருவரிடம் கொஞ்சம் மோர்மிளகாயும் சுண்டைவற்றலும் கொடுத்துவிட்டேன். கடை ஆட்கள் அத்தனை பேரும் பங்கு போட்டுத் தின்றுவிட்டு, இன்னும் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்டார்கள். வியாபாரம் அப்படித்தான் ஆரம்பித்தது.

பெரிதாக அனுப்பிய முதல் சரக்கு பாழாய்ப் போயிற்று. மோர்மிளகாயை வெயிலில் காய்ந்த சூட்டோடு மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து, மூடிக்கு ஈயம் பற்றவைத்து அனுப்பிவிட்டேன். உள்ளே வியர்த்து, ரங்கூனில் திறந்தபோது பூசணம் பூத்திருந்ததாம். பிறகு புத்தி வந்தது. காய்ந்த சரக்கைத் தரையில் பரப்பி, ஆறவிட்டுத்தான் அடைப்பேன். அப்பளத்தை ஓலைக்கொட்டானில் அடுக்கி டின்னுக்குள் இறக்குவேன். வண்டி கட்டி ஸ்டேஷனுக்கு அனுப்பினால் ரயிலில் பட்டணம் போய் அங்கிருந்து கப்பல் ஏறும். தனியாக இருந்த பெண்கள் சிலர் என் முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து இடித்தார்கள். எனக்கும் பொழுது போயிற்று.

திரும்பி வருகிறவர்களிடம் அவர் குடைகள், அரக்குப் பூசிய வெற்றிலைப் பெட்டிகள், எனாமல் தட்டுகள் கொடுத்துவிடுவார். கல்யாணச் சீருக்கு வைக்க அவற்றை ஆளுக்கு ஆள் முந்திக்கொண்டு வாங்கிப் போவார்கள். முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள். நானும் சிரித்த முகமாக விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொல்வேன்.

போகிற வருகிற சரக்கெல்லாம் பெரும்பாலும் ஒருவர் கையில்தான் நடந்தது. எங்களுக்குப் பங்காளி முறை, அதே கடைக்காக ஊருக்கும் பர்மாவுக்குமாக அடிக்கடி போய்வருகிற வேலை, என்னைவிட இளையவர். நல்ல வாயாடி. வந்தால் அடுப்படி வரைக்கும் வந்து, காப்பியைக் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். ஒருதரம் வந்தவர் வாசலோடு நின்றார். காப்பி வேண்டாம் என்றார்.

"அடுத்த சரக்கோட ஒரைமருந்து ஒரு செட்டு வேணும் ஆச்சி. அங்க ஒரு தமிழ்க் குடும்பம் இருக்காக. கைப்புள்ள. அண்ணன்தான் சொல்லிவிட்டாக."

உரைமருந்து கைக்குழந்தைக்குக் கல்லில் உரைத்துப் புகட்டுவது. சுக்கு, வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய். எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும், ரங்கூனிலும் கிடைக்கும். அதைத்தான் சொன்னேன்.

"அங்கயே கெடைக்குமே தம்பி?"

"கெடைக்கும். ஆனா நம்ம வீட்டுப் பக்குவத்துல வேணும்னாக."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தெருவைப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்குவம் உண்டு. சில வீடுகளில் சோற்றுப் பானையில் போட்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டில் துணியில் முடிந்து, நெல் அவிக்கும் அண்டாவில் போட்டு அவித்து, நிழலில் உலர்த்துவோம். என் மாமியார் அப்படிச் செய்துதான் தன் பிள்ளைக்குப் புகட்டினார். அந்தந்த வீட்டுக் குழந்தைக்கு அந்தந்த வீட்டுப் பக்குவம். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு யாரும் இதைக் கேட்கமாட்டார்கள். அங்கே இருக்கிற கைக்குழந்தை எங்கள் வீட்டுக் குழந்தை.

"சரி தம்பி, செஞ்சு தாரேன்" என்றேன். விட்டால் போதும் என்று அவர் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரும் என்று கொஞ்சநேரம் காத்திருந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. உளுந்து இடிக்கும் பெண்கள் உரலைச் சுற்றி என்னவோ பேசிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் நெல் அவித்தபோது மருந்தைத் துணியில் முடிந்து அண்டாவில் போட்டேன். சாதிக்காயைப் பெரிய காயாய்ப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தேன். ஏன் அப்படிப் பொறுக்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சரக்கிலும், யாரும் கேட்காமலே, ஒரு சின்னப் பொட்டலம் வைத்தேன். முதலில் முளைகட்டிய கேழ்வரகு மாவு. பல் முளைத்திருக்கும் என்று தோன்றிய காலத்தில் வாயில் கரைகிற முறுக்கு. "அந்தத் தமிழ்க் குடும்பத்துக்கு" என்று சொல்லித்தான் கொடுப்பேன். பங்காளித் தம்பியும் வாங்கிக்கொள்வார். இடையில் என் வீட்டுக்காரர் ஒருதரம் லீவில் வந்து போனார். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஊர்க் கோயில்களுக்கெல்லாம் ஒன்றாகப் போனோம். பொருத்தமான ஜோடி என்றார்கள்.

பிறகு ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். கப்பல் நின்றது. ஈயம் வைத்த டின்கள் தாழ்வாரத்தில் அப்படியே இருந்தன. வீட்டுக்கு வீடு பெண்கள் அழுதார்கள், நேர்ந்துகொண்டார்கள். என்னையும் அழச் சொல்லி வற்புறுத்தினார்கள். நான் அப்பளங்களைத் திருப்பி எடுத்து உள்ளூரில் விற்றேன்.

கடைசிக் கப்பல்களில் ஒன்றைப் பிடித்து அவர் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றது. எலும்பும் தோலுமாக இறங்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை, வண்டிக்குள் பார்த்தேன். வைக்கோல்தான் இருந்தது. வேறு யாரோ வருவார்கள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

உடம்பு தேறும்வரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். அவர் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவரிடம் கேட்டுவிட்டேன்.

"அந்தத் தமிழ்க் குடும்பம் என்ன ஆச்சுங்க?"

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பருந்து?"

"நம்ம வீட்டுப் பக்குவத்துல மருந்து கேட்டீங்களே, அப்பருந்து."

அவர் முகம் கோணிப்போயிற்று. மெதுவாகச் சொன்னார்.

"தாய்க்காரி ஊரை விட்டு வரமாட்டேன்னுட்டா. புள்ளையாச்சும் பொழைக்கட்டும், கொண்டு போயிருன்னு எங்கையில குடுத்தா. கப்பலடி வரைக்கும் தூக்கிட்டு வந்தேன். வீட்டுல ஒனக்கு ஒண்ணும் தெரியாதே, கொண்டாந்து நிறுத்தி என்னன்னு சொல்றது? வழியனுப்ப அவளும் வந்து நின்னுக்கிட்டிருந்தா. அவகிட்டயே திருப்பிக் குடுத்துட்டு ஏறிட்டேன்."

"பொண்ணா, பையனா?"

"பொண்ணு."

அங்கே ஒருத்தியோடு குடும்பம் நடத்தியதற்காகக்கூட நான் அவரை வெறுத்ததில்லை. அன்றைக்கு வெறுத்தேன்.