தூணுக்குப் பின்னால் நின்றவள்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் அவள். சாக்ஸபோன் வாங்கியதென்னவோ அண்ணன்தான். ஊதிப் பார்த்த முதல் வாரமே அவனுக்கு உதடு புண்ணாகிவிட்டது. கருவி கட்டிலுக்கடியில் போய்விட்டது. தங்கை அதை எடுத்துப்போய், பாய்லர் அறை இரைச்சலுக்குள் யார் காதிலும் விழாமல் ஊதி ஊதியே கற்றுக்கொண்டாள். வானொலியில் வந்த ஜாஸ் இசைதான் அவளுக்கு வாத்தியார்.

அண்ணனுக்குப் பாட வரும், அதைவிட நன்றாகப் பேச வரும். குழு சேர்த்தான், அதே ஹோட்டலின் விருந்துக்கூடத்தில் மாலை வாசிப்புக்கு இடமும் பிடித்தான்.

"கன்னத்த உப்பிக்கிட்டு ஒரு பொம்பள ஊதினா பாக்க நல்லாவா இருக்கும்? நீ அந்தத் தூணுக்குப் பின்னாடி நில்லு," என்றான்.

நின்றாள், வருடக்கணக்காக. அவள் ஊதும்போது அண்ணனும் தூண் மறைவில் ஒதுங்கிக்கொள்வான்; முடித்ததும் எழும் கைதட்டலுக்கு அவனே முன்னால் வந்து குனிந்து வணங்குவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பாட்டை எடுப்பாள்.

ஒரு நாள் வானொலி நிலைய அதிகாரி மேடைக்கே வந்துவிட்டார். "சாக்ஸ் வாசிச்சது யாருங்க? ஆளையே உலுக்கிடுச்சே!"

"நான்தாங்க," என்றான் அண்ணன், கூசாமல்.

அவள் உதட்டில் ஈரம்கூடக் காயவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்து, தன் கழுத்திலிருந்த சாக்ஸபோனைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள்.

"நீதானே? வாசி."

"ஏய், எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும். வாசிடா!"

அண்ணனை அவள் டா போட்டது அதுவே முதல் முறை. அவன் ஊதினான். கதவிடுக்கில் வால் சிக்கிய பூனைபோல ஒரு சத்தம் வந்தது. டிரம்ஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் டிரம்மின்மேலேயே கவிழ்ந்தார்.

"இது என் சாக்ஸ். இதத் தொடாம வெளிய போ," என்று அண்ணன் உறுமினான்.

"நீயே வச்சுக்கோ," என்று அவள் இறங்கிப் போனாள். டிரம்ஸ்காரரும் கூடவே கிளம்பிவிட்டார்.

பழைய சாக்ஸபோன் ஒன்றைத் தேடிப்பிடித்தாள். வானொலி அதிகாரியே வாய்ப்பும் கொடுத்தார். அறிவிப்பாளர் முதன்முதலாக அவள் பெயரைச் சொன்னபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு நாள் எல்லோரும் எங்கே போயிருந்தீர்கள் என்றுதான் கொதித்தாள். அந்தக் கொதிப்பு வாசிப்பில் இறங்கியது. தாலாட்டுப்போலத் தொடங்கும் பாட்டுகூட அவளிடம் பாதியிலேயே சண்டைக்கு நிற்கும். அதைக் கேட்கவே கூட்டம் சேர்ந்தது.

அம்மா மட்டும் விடவில்லை. "கூடப் பொறந்தவன்டி. கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்ன?"

"எத்தன வருஷம் விட்டுக்குடுத்தேன்! ஒரு நாளாவது இத அவன்கிட்ட கேட்டியாம்மா?"

அம்மா முந்தானையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

தலை நரைத்த பிறகு ஒரு நாள், நிகழ்ச்சி இடைவேளையில், அண்ணன் தடியூன்றிக்கொண்டு மேடையோரம் வந்தான். "நல்லா வாசிக்கிற."

"அப்பவும் நல்லாத்தான் வாசிச்சேன்."

அவன் வாயிலிருந்து இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தாள். வரவில்லை. திரும்பி டிரம்ஸ்காரருக்குத் தலையசைத்தாள். முன்னைவிட வேகமான பாட்டாக எடுத்தாள்.