இன்ஜின் லேத்தில், வண்டி எஸ்டேட்டில்

1. நீலப் புகை

அன்று காலை ஷெட்டைத் திறந்து முருகன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத் திரும்பினால், வாசலில் அதைவிடப் பெரிய புகை. ஏழுமலையின் டிபன் வேன் இருமிக்கொண்டே உள்ளே வந்து நின்றது. நின்ற பிறகும் சைலன்சரில் நீலமாகப் புகைந்துகொண்டிருந்தது.

ஏழுமலையும் அவர் மனைவி செல்வியும் அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனி மதிலோரம் இந்த வேனை நிறுத்தி டிபன் போடுகிறவர்கள். பழைய டீசல் வண்டி. பின் பக்கத்தை வெட்டி ஜன்னல் மாதிரி திறந்து, உள்ளே அடுப்பும் தோசைக்கல்லும் வைத்திருந்தார்கள். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் இவர்களிடம் இட்லி தின்றுவிட்டுத்தான் கேட்டுக்குள் போவார்கள்.

"அண்ணாத்தே, ஆவடி பிரிட்ஜ் ஏறல. சாம்பாரோட நடுவுல நின்னுட்டேன். பின்னாடி பஸ்சுக்காரன் என் குடும்பத்தையே திட்றான்" என்றார் ஏழுமலை.

"இவரு எறங்கி அவன்கிட்ட, சாம்பார் சாப்பிடுறியான்னு கேக்குறாருண்ணே" என்றாள் செல்வி.

"பின்னே இன்னாமே பண்றது? கோவத்துல இருக்கறவனுக்குப் பசியா இருக்கும்."

ஆயில் மூடியைத் திறந்தேன். இன்ஜின் ஓடும்போது அங்கிருந்து குப் குப் என்று காற்று வெளியே தள்ளியது. நல்ல இன்ஜினில் அப்படித் தள்ளாது. கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்ததில் நாலு சிலிண்டரில் இரண்டு செத்துப்போயிருந்தன. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரும் தேய்ந்து, ஆயில் மேலே ஏறி எரிகிறது. இதற்கு ஒட்டு வேலை கிடையாது. ஒன்று, இன்ஜினை இறக்கிப் பிரித்து, லேத் பட்டறையில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு முழு வேலை பார்க்க வேண்டும். இல்லையென்றால் கழித்துப்போட்ட வேறொரு வண்டியின் இன்ஜினை வாங்கி இதில் உட்கார வைக்க வேண்டும்.

இரண்டையும் விவரமாகச் சொன்னேன். வண்டிக்கு அடியில் படுத்து அடிச்சட்டமான சேஸிஸை ஸ்பானரால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் கணீர் என்றது, துரு இல்லை. இப்படிப்பட்ட வண்டிக்கு முழு வேலை பார்த்தால் இன்னும் பல வருஷம் ஓடும். வேறு இன்ஜின் என்றால் அது யாரிடம் எப்படி ஓடியது என்று நமக்குத் தெரியாது. இன்ஜின் நம்பர் மாறும். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடந்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். செலவு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அப்ப வேலையே பாத்துடு அண்ணாத்தே" என்றார் ஏழுமலை. "இந்த இன்ஜினு எங்கூட பொறந்த மாதிரி."

"எத்தினி நாளு ஆகும்ணே?" என்று செல்வி கேட்டாள்.

"லேத்துல கூட்டம்மா. ரெண்டு வாரம் பிடிக்கும். வேற இன்ஜின்னா ரெண்டு நாள்ல வெச்சு அனுப்பிடுவேன்."

அவள் முகம் மாறியது. "ரெண்டு வாரமா? அந்த ஜூஸ் வேன்காரன் தெனமும் எங்க எடத்தைப் பாத்துகினே சுத்துறாண்ணே. நாலு நாள் நாங்க போகலன்னா அவன் போர்டு மாட்டிடுவான். அப்புறம் நல்ல இன்ஜினை வெச்சிகினு நான் எங்க போய் நிக்கிறது?"

தெருவோரக் கடைக்குப் பட்டா கிடையாது. தினம் யார் வந்து நிற்கிறார்களோ அவர்கள் இடம் அது. அந்த மதிலோரம்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. எனக்கு மனசு முழு வேலை பக்கம். ஆனால் அந்தப் பெண் சொன்னதும் நியாயம்தான்.

"சாமியக் கேட்டுகினு வரோம்" என்று இரண்டு பேரும் போனார்கள்.

2. இரண்டு கோயில், இரண்டு வெள்ளை

எங்கள் பக்கத்தில் முடிவு எடுக்க முடியாத காரியத்துக்குப் பூ கேட்பது வழக்கம். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து சாமி காலடியில் வைத்து, இதற்கு இது என்று மனதில் நேர்ந்துகொண்டு ஒன்றை எடுப்பார்கள். நானும் என் பெண் கல்யாணத்துக்குக் கேட்டவன்தான். அந்த மாப்பிள்ளை தங்கமானவர்.

மறுநாள் ஏழுமலை முதலில் வந்தார். நெற்றி நிறைய விபூதி, முகம் நிறைய சிரிப்பு.

"வெள்ளை வந்துடுச்சி அண்ணாத்தே. புள்ளையார் சொல்லிட்டாரு. ஸ்பானரை எடு."

நான் ஸ்பானரை எடுப்பதற்குள் செல்வி வந்தாள். தலையில் புதுப் பூ.

"அண்ணே, அம்மன் கோயில்ல கேட்டேன். வெள்ளை."

"பாத்தியா?" என்றார் ஏழுமலை. "ஊட்ல கூட நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு வந்ததில்ல. சாமிங்க பேசி வெச்சிகினு சொல்லியிருக்காங்க."

"ஆமாய்யா, எனக்கும் ஆச்சரியமாத்தான் கீது" என்றாள் செல்வி. "அண்ணே, வேற இன்ஜினு எப்ப வரும்?"

"வேற இன்ஜினா?" என்று ஏழுமலை கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் வெள்ளை வந்தால் பழைய இன்ஜினுக்கு வேலை என்று நேர்ந்திருக்கிறார். அவளோ, சிவப்பு அம்மனுக்கு உகந்தது, அம்மன் காலடியில் சாவி வைத்து எடுத்த வண்டியின் பழைய இன்ஜினுக்குச் சிவப்பு, வேறு இன்ஜினுக்கு வெள்ளை என்று நேர்ந்திருக்கிறாள். கலரைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"யோவ், கலரை என்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா?"

"நீ கோயிலுக்குப் போறேன்னே சொல்லலையே. மாவு அரைக்கப் போறேன்னுதான சொன்ன?"

"மாவும்தான் அரைச்சேன்."

என் ஷெட் வாசலில் அரை மணி நேரம் புள்ளையாருக்கும் அம்மனுக்கும் வக்கீல் வைத்து வாதாடினார்கள். அம்மாவா பிள்ளையா, யார் சொல்வதை யார் கேட்க வேண்டும் என்று பேச்சு போனது. நடுவே ஏழுமலை, "நீயே ஒரு தபா கேளு அண்ணாத்தே, உன் முருகன்கிட்ட" என்றார். நான் மாட்டேன் என்றேன். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் தம்பியை இழுத்துவிட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் சிரித்துத் தள்ளிவிடவும் முடியவில்லை. கற்பூரம் ஏற்றி முருகன் முன்னால் சும்மா நின்றேன். எதுவும் கேட்கவில்லை. நிற்கும்போது ஒன்று தோன்றியது. ஏழுமலை கேட்டது இன்ஜினைப் பற்றி. செல்வி வாயால் இன்ஜினைக் கேட்டாலும் மனசால் கேட்டது அந்த இடத்தைப் பற்றி. இருவருக்கும் சரி என்றுதான் உத்தரவு வந்திருக்கிறது. இன்ஜினையும் இடத்தையும் நான்தான் ஒன்றாகக் கட்டி வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறேன்.

திரும்பி வந்து கேட்டேன். "ஏம்மா, வண்டி அங்க போய் நின்னப்புறம் இன்ஜினுக்கு என்ன வேலை?"

"ஒண்ணும் இல்லைண்ணே. ஆஃப்லதான் இருக்கும்."

"அப்போ இன்ஜின் மட்டும் இங்க இருக்கட்டும். வண்டி அங்க நிக்கட்டும்."

ஏழுமலை வேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு செல்வி, "ஆமா, தோசைக்கல்லு கேஸ்லதான ஓடுது" என்றாள்.

3. பானட்டில் வெங்காயம்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை இறக்கினேன். அன்று மாலையே தெரிந்த லோடு வண்டியில் இரும்பு பார் கட்டி வேனை எஸ்டேட்டுக்கு இழுத்துப் போனோம். ஸ்டியரிங்கில் நானே உட்கார்ந்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல் மாதிரி இருக்கும், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் முன் வண்டி பிரேக் போட்டதும் அதன்மேல் போய் முட்டுவோம். பார்தான் சரி. நான் பாடி மேம்பாலம் தாண்டும்வரை கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டுதான் போனேன். எஸ்டேட் பாடிக்கு முன்பே வந்துவிடும் என்பது பயத்தில் மறந்துபோய், லோடு வண்டிக்காரர் திருப்பத்தை விட்டதையும் நான் கவனிக்கவில்லை. சுற்றிக்கொண்டு திரும்பி வந்தோம்.

மறுநாள் காலை வழக்கம்போல வியாபாரம் நடந்தது. ராத்திரி ஏழுமலை வண்டியிலேயே படுத்துக்கொண்டார். இன்ஜின் இருந்த இடம் காலியாக, சூடு இல்லாமல் இருந்ததால் செல்வி அதில் வெங்காய மூட்டையும் வாழை இலைக் கட்டும் வைத்துக்கொண்டாள். "இது ரொம்ப வசதியா கீதுண்ணே, இன்ஜினை மெதுவாவே குடு" என்று போனில் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் இன்ஜின் மவுண்டிங் அளவு எடுக்க நான் அங்கே போயிருந்தேன். அளவு எடுப்பதற்கு முன் இட்லி. தட்டு கையில் இருக்கும்போது டிராஃபிக் போலீஸ் ஒருவர் பைக்கில் வந்தார்.

"பெரிய ஆபீசருங்க வராங்க. ரோடு கிளியரா இருக்கணும். வண்டிய எடு."

"சார், இந்த இட்லி ஈடு மட்டும் எறக்கிட்டு..." என்றாள் செல்வி.

"இப்பவே எடும்மா."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன். அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, ஸ்டார்ட் பண்ணு."

"சார், இன்ஜின் இல்ல சார்."

"இல்லன்னா?"

"லேத்துக்குப் போயிருக்கு சார். வியாழக்கிழமை வந்துடும்."

போலீஸ்காரர் பானட்டைத் தூக்கச் சொன்னார். உள்ளே வெங்காயத்தைப் பார்த்தார். வாழை இலையைத் தூக்கி அதற்கு அடியிலும் பார்த்தார். "நோ பார்க்கிங்குக்கு என்கிட்ட எத்தனையோ காரணம் சொல்லியிருக்காங்க" என்றவர் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். "சரி, தள்ளுங்கய்யா. அந்தச் சந்துல விட்டுட்டு ஆபீசருங்க போனப்புறம் வாங்க."

அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, சாம்பார் அண்டாவைக் கீழே இறக்கினோம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் தட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். போலீஸ்காரர் விசில் அடித்து லாரிகளை நிறுத்தினார். வேன் மெதுவாக உருண்டு சந்துக்குள் போனது.

கார்கள் வந்து போயின. போலீஸ்காரரும் கிளம்பிவிட்டார். நாங்கள் திரும்பத் தள்ள ஆரம்பித்தபோது செல்வி அண்டா பக்கத்தில் நின்று கத்தினாள். ஜூஸ் வேன் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு மதிலோரமாக வந்துகொண்டிருந்தது.

எங்கள் வேன் சந்து முனையில் ஒரு பள்ளத்தில் மாட்டியிருந்தது. எத்தனை தள்ளியும் அசையவில்லை. ஏழுமலை ஸ்டியரிங்கை விட்டுவிட்டு சாமியைக் கூப்பிட்டார். எந்த சாமி என்று காதில் விழவில்லை.

அங்கே நான் பார்த்ததைத்தான் இன்றைக்கும் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தள்ள வராத மற்ற பாதிப் பேர் தட்டோடு எழுந்து, எங்கள் வேன் நின்றிருந்த இடத்தில் போய் வரிசையாக நின்றுகொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள். ஜூஸ் வேன்காரர் ஹாரன் அடித்தார்.

"இன்னா மாமே, துன்றது தெர்ல?" என்றார் யூனிஃபார்மில் இருந்த ஒருவர். "சுத்திகினு போ."

"வண்டிதான் இல்லியே, நடுரோட்ல இன்னா டிபன்?"

"வண்டி இல்லன்னா இன்னா, நாங்க இருக்கோம்ல?"

கேட்டில் சங்கு ஊதினார்கள். ஒருவரும் நகரவில்லை. ஒரே இட்லியைப் பிட்டுப் பிட்டு நேரத்தை ஓட்டினார்கள். செல்வி அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்காமலே எல்லாருக்கும் சாம்பார் ஊற்றினாள். இவர்கள் நகரப்போவதில்லை என்று தெரிந்ததும் ஜூஸ் வேன்காரரே இறங்கி வந்து எங்களோடு சேர்ந்து வேனைப் பள்ளத்திலிருந்து தள்ளிவிட்டார். அடுத்த தெருவில் மருந்து கம்பெனி எதிரில் நிழல் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். இப்போது அவர் அங்கே நிற்கிறார்.

4. ஸ்டார்ட்

இன்ஜின் வந்தது. எஸ்டேட் லீவு நாளில் வேனை ஷெட்டுக்கு இழுத்து வந்து பொருத்தினேன். பூஜை போட்டு நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். ஏழுமலை பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் விட்டுப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. ஏழுமலை விபூதி வைத்துக்கொண்டார், செல்வி குங்குமம் வைத்துக்கொண்டாள். எந்த சாமி ஜெயித்தது என்று இருவரும் பேசவில்லை. வெங்காயத்துக்கு இனி எங்கே இடம் என்பதில்தான் சண்டை.

தம்பிகளுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் தெரியும். கம்ப்ரஷன் பாருங்கள், சேஸிஸைத் தட்டிப் பாருங்கள், ஆர்.சி.யை யோசியுங்கள். அதெல்லாம் கட்டாயம். ஆனால் ரிப்பேரா, மாற்றுவதா என்று யார் வந்து கேட்டாலும் நான் இப்போது பானட்டைத் திறப்பதற்கு முன் ஒன்று கேட்டுவிடுகிறேன்: "வண்டி இல்லாத நாள்ல உன் எடத்துல யாரு நிப்பாங்க?"

அப்படி இடத்தில் வந்து நிற்க ஆள் இருக்கிறவர்களுக்கு இன்ஜின் வேலையை அவசரமில்லாமல், நன்றாகவே பார்க்கலாம்.