அவஸ்தை எண்ணெய்

எரியும் மெழுகுவர்த்தியின் மணமும் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வெள்ளைத் துணியின் ரசகற்பூர மணமும் சேர்ந்து வந்தால், இந்த வீட்டில் எதையோ மறைக்கிறார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, திராட்சைக் கொடிகளைக் கவாத்து வெட்டும் சமயத்தில், அம்மாவின் அப்பாவான தாத்தா தோட்டத்து மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தார். தினமும் மாதா கோயில் காலைப் பூசைக்கு யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனவருக்கு, அதன்பின் கட்டிலிலிருந்து எழவே அம்மாவின் தோள் வேண்டியிருந்தது. அப்பாவுக்குக் கேரள ஏலத்தோட்டத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

அந்த மூன்று பேரில் யார் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று இப்போது வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். தன்னைச் சீக்கிரம் அனுப்பிவிட மகள் வழி தேடுகிறாள் என்று தாத்தாவுக்குச் சந்தேகம். தாத்தா மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, தான் திரும்பியதும் ஜன்னலுக்கு வெளியே துப்புகிறார் என்று அம்மாவுக்குச் சந்தேகம். எனக்கு இருவர்மீதும். கனகாம்பரச் செடியடியில் மாத்திரைகள் கிடந்ததைப் பார்த்திருந்தேன்; அம்மா மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்ததையும் பார்த்திருந்தேன்.

"என்ன, கசக்குது?" என்றார் தாத்தா.

"வெந்தயம் போட்ருக்கேன் ஐயா. ஒங்க நல்லதுக்குத்தான்."

மறுநாள், கஞ்சியின் முதல் கரண்டியை என் பக்கம் நீட்டினார். "நீ குடி ஆத்தா. ஒன் அம்மா ஒனக்கு விஷம் வைக்க மாட்டா."

அம்மா பாய்ந்து வந்து கிண்ணத்தைப் பிடுங்கி, வேறு கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தார். தாத்தா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றிலிருந்து அம்மா மாத்திரை கலக்கவில்லை. தாத்தாவும் எனக்கு ஊட்டாமல் ஒரு வாய் குடிக்கவில்லை. மாத்திரை இல்லாமல் அவருக்குக் கால் வீங்கியது, நாலு வார்த்தை பேசினால் மூச்சிரைத்தது. பயந்துபோன அம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார்.

மறுநாள் பள்ளியிலிருந்து வந்தால், கட்டிலருகே முக்காலி, அதன்மேல் வெள்ளைத் துணி, சிலுவையில் அறைந்த பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுவர்த்திகள். தாத்தாவின் கண்கள் அவற்றை ஒவ்வொன்றாக அளந்தன.

"யாரு வாராக?"

"சாமி வாராக ஐயா. மந்திரிச்சு எண்ணெய் பூசத்தான்."

"அவஸ்தையா?"

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த அவஸ்தை எண்ணெய் சாகக் கிடப்பவர்களுக்கானது; பூசினால் சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்பலாம். சாயங்காலம் வந்த இளம் பங்குச் சாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அது அந்தக் காலத்துப் பேச்சு, நோயுற்றவர் குணமாகவே இப்போது பூசுகிறோம் என்று பொறுமையாக விளக்கினார். தாத்தா கடைசிவரை கேட்டார்.

"சொகமாகத்தானே சாமி?"

"ஆமா தாத்தா."

"அப்ப மொதல்ல எம் மகளுக்குப் பூசுங்க. என்னயத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு போச்சு."

சாமியார் சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். எண்ணெய் பூசுவது உள்ளங்கைகளில்; அம்மாவின் இரண்டு கைகளும் முந்தானைக்குள் போய்விட்டன.

"பாத்தீகளா சாமி? அவளுக்கும் அது எதுக்குன்னு தெரியும்."

அதைச் சொன்னபோது தாத்தாவின் குரல் வென்றவரின் குரலாக இல்லை. தன் சந்தேகம் பொய்யாக வேண்டும் என்றுதான் அவர் அவ்வளவு நாளும் சோதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே புரிந்தது. அம்மா முந்தானையை உதறிவிட்டு முக்காலி முன்னால் மண்டியிட்டு உள்ளங்கைகளை நீட்டினார். "பூசுங்க சாமி. போறதுன்னா ரெண்டு பேரும் சேந்தே போறோம். இவரு அங்கன போயும் கஞ்சி கசக்குதும்பாரு, வச்சுக்கொடுக்க ஆள் வேணாமா?"

தாத்தாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அம்மாவின் கைகளில் எண்ணெய் பளபளத்த பிறகு, தன் கைகளை அவரே நீட்டினார்.

அன்று கஞ்சியின் முதல் வாய் எனக்கு வரவில்லை. மாத்திரையையும் வாங்கி விழுங்கினார். விழுங்கி முடியும்வரை அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பது வேறு விஷயம். அடுத்த திராட்சை அறுவடையைக் கட்டிலிலிருந்தபடியே விசாரித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது கோயிலில் அவஸ்தை என்று யாரும் சொல்வதில்லை. அந்த முக்காலி இல்லை, அப்பாவும் இல்லை. அந்த வீட்டில் அம்மா மட்டும் தனியாக இருக்கிறார். போன மாதம் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததை, ஒரு வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூரில் மென்பொருள் வேலை பார்க்கும் நான், கூடத்துக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று, கொல்லைக் கதவுக்கு ஒன்று என்று கேமராக்கள் வாங்கிக்கொண்டு போய் ஸ்டூலில் ஏறினேன்.

"இது எதுக்கு ஆத்தா?"

"உன் நல்லதுக்குத்தான்மா."

அம்மா கீழே நின்று கேமராவில் சிவப்பாய் மினுங்கிய சின்ன விளக்கைப் பார்த்தார்.

"அப்ப ஒண்ணைய ஒன் ரூம்புல மாட்டு. நீ சாப்டியா, தூங்குனியான்னு நானும் இங்கனருந்து பாக்குறேன்."

என் கையும் துப்பட்டாவுக்குள் போனதை அம்மா பார்த்துவிட்டார்.