மூன்று பிளக்கும் கறுப்பு

அந்த வேன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. என் ஷெட் ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வண்டி திரும்பும் முன்பே வாசனை வந்துவிட்டது. பச்சைப் பெட்ரோல் வாசனை. பின்னால் புகை இல்லை. ஆனால் சைலன்சர் வாய் கரி பிடித்திருந்தது.

பழைய வேன். கார்புரேட்டர் காலத்து வண்டி. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஓட்டிவந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மயிலாப்பூர் பக்கம் ஒன்பது பிள்ளைகளை ஏற்றி, அடையாறில் ஒரு பள்ளியில் இறக்குகிறார். சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிறார். வேறு வருமானம் இல்லை.

"இன்னாம்மா பிரச்சனை?"

"கறுப்பா புகை வுடுது அண்ணே. உள்ள ஒரே பெட்ரோல் நாத்தம். பசங்களுக்குக் கண்ணு எரியுது. நேத்து ஒரு பாப்பா வாந்தி எடுத்துட்ச்சி."

"எப்போ? எந்நேரமுமா?"

"காலைலதான் ஜாஸ்தி. சாயங்காலம் அவ்ளோ இல்ல."

இரண்டு மெக்கானிக்குகளிடம் போயிருக்கிறார். ஒருவர் கேஸுக்கு மாற்றச் சொன்னார். இன்னொருவர் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். மந்தைவெளியில் ஒரு பிள்ளையின் அம்மா, வெள்ளிக்கிழமை வரை பார்ப்பேன், அப்புறம் ஆட்டோ வைத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாராம்.

"ஒருத்தர் நிறுத்துனா எல்லாரும் நிறுத்திடுவாங்க அண்ணே. போன்ல எல்லாரும் ஒரே குரூப்பு."

"பாத்துக்கலாம்" என்றேன். முப்பது வருஷமாக கார்புரேட்டர் கழற்றுகிறேன்.

என் ஷெட்டில் ஒரு விதி உண்டு. வண்டியை விடுகிறவர்கள் உள்ளே இருக்கும் சாமான் அத்தனையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு முறை ஒரு வண்டியில் குடை காணாமல் போய் நான் திருடனாக நின்றேன். அன்றிலிருந்து இந்த விதி. அந்தப் பெண்ணும் ஒரு கட்டைப்பையில் தண்ணீர் கேன், துண்டு, டாஷ்போர்டு பிள்ளையார், எலுமிச்சம்பழம், கொக்கி, பிளாஸ்டிக் கவர் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்.

சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தேன். உலர்ந்த கரி. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம். இது உலர்ந்திருந்தது. பெட்ரோல் அதிகமாக இறங்குகிறது, அல்லது காற்று குறைவாகப் போகிறது. இரண்டில் ஒன்று. சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். மூன்றும் கண்மை தடவியது போல் கறுப்பு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த சிலிண்டர். மூன்றும் கறுத்தால் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டர்.

ஏர் ஃபில்டர் சுத்தம். கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் ஆடவில்லை, ஓட்டை இல்லை. பெட்ரோல் இறங்கும் ஜெட்டின் துளையை யாரும் பெரிதாக்கவில்லை. பெட்ரோலை நிறுத்தும் ஊசி மட்டும் முனையில் தேய்ந்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். புது ஊசி போட்டு, பிளக்குகளையும் தேய்த்துப் போட்டேன். சோக் தகட்டைப் பார்த்தேன். நன்றாகத் திறந்து நின்றது. சோக் என்பது காற்றை அடைக்கிற மூடி. குளிரில் இன்ஜின் எழும்ப அதை இழுப்பார்கள், காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அதன் கைப்பிடி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்தது. அதைப் பிடித்திருக்கும் தகட்டில் ஒரு ஸ்க்ரூ இல்லாமல் கைப்பிடி தரையைப் பார்த்துத் தொங்கியது. பழைய வண்டியில் எதுதான் தொங்காது என்று விட்டுவிட்டேன்.

லாயிட்ஸ் ரோடு வரை ஓட்டிப் பார்த்தேன். சுத்தம். புகை இல்லை, வாசனை இல்லை. இரண்டரை மணிக்கு அந்தப் பெண் வந்தார்.

"முடிஞ்சிதும்மா" என்றேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு வேன் திரும்ப வந்து நின்றது. அவர் கீழே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதே மாதிரி கீது அண்ணே."

பிளக்கைக் கழற்றினேன். மூன்றும் கறுப்பு.

எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா மாமா, பேஷண்ட்டு திரும்பி வந்துட்ச்சி? ஆபரேஷன் ஃபெயிலா?"

"நீ டீய ஆத்து."

இன்ஜினைப் போட்டேன். சுத்தமாக ஓடியது. அரை மணி நேரம் ஓடவிட்டேன். சுத்தம். பிளக் மட்டும் கறுப்பு. அப்படியானால் கோளாறு காலையில் வந்து, என் ஷெட்டுக்கு வருவதற்குள் போய்விடுகிறது.

"காலைல சோக்க இஸ்து வுட்டுட்டு மறந்துடுறியாம்மா?"

"சோக்கா? நான் அத இஸ்ததே இல்ல அண்ணே. மெட்ராஸ் வெயிலுக்கு அது எதுக்கு?"

அதுவும் உண்மைதான். சாவியைத் திருப்பினால் இந்த ஊரில் எந்த இன்ஜினும் எழும்பும்.

"நாளைக்கு நான் உன்கூட வரேன். பசங்கள ஏத்துறப்பவே வரேன்."

"வண்டிய இங்க வுட்டுட்டுப் போவட்டா?"

"வேணாம். கோளாறு இங்க வர மாட்டேங்குது. அது இருக்குற எடத்துக்கு நான்தான் வரணும்."

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மயிலாப்பூர் குளத்துப் பக்கம் வேனில் ஏறினேன். முன்சீட்டில், இன்ஜின் மேலேயே உட்கார்ந்தேன். காதால் கேட்பதைவிட அங்கே உடம்பால் கேட்கலாம். இன்ஜின் சீராக இருந்தது.

முதல் வீட்டில் ஒரு சிறுமி ஏறினாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு இந்த அங்கிள்?"

"மெக்கானிக்கு" என்றார் அந்தப் பெண்.

"வேனுக்கு ஊசி போடுவாரா?"

"போட்டுட்டேன். கேக்கல" என்றேன்.

சிறுமியின் அம்மா சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அந்தப் பெண் வாங்கித் தன் முழங்கால் பக்கம் எங்கேயோ மாட்டினார். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அடுத்த வீட்டில் இன்னொரு பை. மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்திருந்ததால் சந்து சந்தாகச் சுற்றினோம். சந்துக்குச் சந்து வேகத்தடை. மூன்றாவது பை. நான்காவது பை ஏறி, ஒரு வேகத்தடை தாண்டியதும் இன்ஜினுக்குத் தொண்டை கட்டியது. எனக்குக் கீழே அது தடுமாறியது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். கறுப்புப் புகை. பின்சீட்டில் ஒரு பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது.

இப்போது குனிந்து பார்த்தேன். சோக் கைப்பிடியில் ஒரு இரும்புக் கொக்கி. துணிக்கடையில் பை மாட்டும் கொக்கி. அதில் நான்கு சாப்பாட்டுப் பைகள். கைப்பிடி இரண்டு விரல் நீளம் வெளியே வந்திருந்தது.

"வண்டிய ஓரம் கட்டும்மா."

கட்டினார். நான்கு பைகளையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கனமாக இருந்தன. கைப்பிடி தானாகவே உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தொண்டையைச் செருமிவிட்டுச் சீரானது.

அந்தப் பெண் கைப்பிடியையே பார்த்தார்.

"கீழ வெச்சா சாம்பார் சாய்ஞ்சிடும் அண்ணே. ஒரு நாள் ஒரு பாப்பாவோட புக்கு பூரா ரசம். அதான் சின்னப் பசங்க பைய மட்டும் இங்க மாட்னேன். சும்மா கெடந்த குமிழுதானேன்னு."

சாயங்காலம் டப்பா காலி. கனம் இல்லை. அதனால் புகையும் இல்லை. பள்ளியில் பைகளை இறக்கியதும் மூடி திறந்துகொள்ளும். என் ஷெட்டுக்கு வந்தால் என் விதிப்படி கொக்கியும் கட்டைப்பைக்குள் போய்விடும். கோளாறைக் கழற்றி எடுத்துக்கொண்டு போ என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"உன் மேல தப்பு பாதி, என் மேல பாதி" என்றேன்.

மந்தைவெளியில் கடைசி வீடு. அந்த அம்மா வாசலில் நின்றார். தலையை ஜன்னலுக்குள் விட்டு மோந்து பார்த்தார்.

"இன்னிக்கும் நாத்தம் இருக்கே. ஆத்துக்கு வந்தா இவ யூனிஃபார்ம் பூரா இதே வாசனைதான்."

"இன்னிக்கு இருக்கும்மா. நாளைக்கு இருக்காது."

"இதையேதான் எல்லாரும் சொல்றா."

"நாளைக்கும் நானே வரேன். நீங்களே மோந்து பாருங்க."

என் மடியில் இருந்த பைகளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் மகளின் பையையும் என் மடியில் வைத்தார்.

அன்றே ஷெட்டில் அந்தத் தகட்டுக்கு ஸ்க்ரூ போட்டு, கைப்பிடியை நேராக நிறுத்தினேன். கைப்பிடி தானாக நகராமல் பிடிக்கும் பூட்டு தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினேன். சிலர் சோக் கம்பியையே வெட்டிவிடுவார்கள். நான் வெட்டவில்லை. மார்கழியில் ஒரு நாள் தேவைப்படலாம். கதவுத் தூணில் ஒரு கம்பி அடித்து நான்கு கொக்கி மாட்டினேன். பிளக்கைத் தேய்த்துப் போட்டேன்.

"இன்னா மாமா, நோயி கெடச்சிதா?" என்றார் டீக்கடைக்காரர்.

"சாம்பார் சாதம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி முன்சீட்டில் உட்கார்ந்தேன். முதல் வீட்டில் பையை வாங்கியதும் அந்தப் பெண்ணின் கை பழக்கத்தில் ஸ்டீயரிங்குக்குக் கீழே போனது. நின்றது. தூணுக்குப் போனது. வேகத்தடைகள் எல்லாம் தாண்டினோம். நான்கு பைகளும் ஆடின. இன்ஜின் மாறவில்லை.

மந்தைவெளி அம்மா தலையை உள்ளே விட்டார். மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். மகளை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு என் விதியை மாற்றிக்கொண்டேன். வண்டியை எப்படி ஓட்டுகிறீர்களோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன். குடை போனால் வாங்கித் தருகிறேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அந்தப் பெண் போன் செய்தார்.

"பசங்க ஒம்போதும் ஏறிச்சி அண்ணே."

"சரிம்மா" என்றேன்.