ஆளில்லாத தோட்டத்தில் ஒரு கைபேசி

பீடோர் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டம் ஒன்றில் 5ஜி கோபுரம் நிறுத்த இடம் பார்க்கப் போயிருந்தேன். அன்று நல்ல மழை. காரைவிட்டு இறங்கவில்லை. தொழிலாளர்கள் இருந்த இடிந்த லயத்து வரிசை வீடுகளைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, படிவத்தில் ‘குடியிருப்பு இல்லை’ என்று எழுதினேன். அதனால் அந்தக் கோபுரம் பட்டியலின் கடைசிக்குப் போனது. பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் இரண்டு மாதம் முன்பே சிக்னல் வந்துவிட்டது.

கடைசியில் தோட்டத்துக்கே போய் அதை இயக்கிய காலை, என் மடிக்கணினித் திரையில் ஒரு கைபேசி வந்து இணைந்தது. அங்கேதான் யாருமே இல்லையே! லயத்துப் பக்கம் நடந்தேன்.

லயத்தின் கடைசி வீட்டிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

“நெஞ்சு வலிக்குது புள்ள. லோரிய ரோட்டோரமா நிப்பாட்டிட்டேன். போன எடு லா.”

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். மாலை போட்ட படத்தின் முன்னால் விளக்கு எரிந்தது. கையில் கைபேசியோடு ஓர் அக்கா சுவரில் ஒட்டி நின்றார்.

“நேத்துதான் அவருக்குக் கருமாதி முடிஞ்சுச்சு அண்ணே. இப்ப பேசுறாரு.”

கணவர் இறந்த அன்று அனுப்பிய குரல்பதிவு அது; கோபுரம் இயங்கிய பிறகுதான் வந்து சேர்ந்திருக்கிறது. சிக்னலுக்கு மெயின்ரோடு வரை நடக்க வேண்டும். துக்க வீட்டைவிட்டு அக்கா வெளியே போகவே இல்லை.

எல்லாம் சொல்லிப் புரியவைத்தேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு அக்கா கேட்டார்.

“டவரு ஏண்ணே இவ்ளோ லேட்டு?”

“மழை அக்கா,” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அந்த மழையில் நனையாமல் காருக்குள் இருந்தவன் யார் என்பதை மட்டும் சொல்லவில்லை.